அலெக்சாண்டிரியாவுக்கு ஒரு நாள் போதுமா?

கெய்ரோவில் ஐந்து நாள் தங்கப் போகிறீர்கள். கூட வருவது அறுபத்தைந்து வயது அம்மாவும் கல்லூரியில் வரலாறு படிக்கும் மகளும். மூவரும் சைவம். அலெக்சாண்டிரியாவுக்குக் காலையில் போய் இரவே திரும்பினால் போதுமா, அல்லது அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று சிலர் சொல்வதை நம்பி விட்டுவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

விடாதீர்கள். ஒரே நாளில் ஓடிப்போய் ஓடிவரவும் வேண்டாம். கெய்ரோவில் ஒன்றிரண்டு நாளைக் குறைத்துக்கொண்டு இங்கே இரண்டு இரவு தங்குங்கள். வரலாறு படிக்கிற பெண் எகிப்து வரை வந்து இந்த ஊரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பிரமிடையும் கர்னாக் கோயிலையும் பார்த்த கண்ணோடு இங்கே வந்து இறங்கினால் முதலில் தெரிவது கடலோரம் மைல் கணக்கில் நீளும் அடுக்குமாடிகளும் ஹாரன் சத்தமும்தான். தலை நிமிர்ந்து பார்க்கும்படி பழைய கட்டடம் எதுவும் எதிரே வந்து நிற்காது. அதற்குக் காரணம் உண்டு. அது தெரிந்து வந்தால் ஊரே வேறு மாதிரித் தெரியும்.

அலெக்சாந்தர் கி.மு. 331இல் கடலுக்கும் மரியூத் ஏரிக்கும் நடுவிலுள்ள நிலப்பட்டையில் இந்த நகரத்தை நிறுவினார். அவருக்குப் பின் வந்த தாலமி மன்னர்களுக்குக் கி.மு. 30இல் கிளியோபாத்ரா சாகும்வரை இதுவே தலைநகர். பிறகு ரோமர்கள் வந்தார்கள். கி.பி. 365இல் மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியையே உலுக்கிய நிலநடுக்கமும் பேரலையும் இந்த ஊரையும் தாக்கின. அதற்குப் பின்னும் நில அதிர்வுகள் தொடர்ந்தன. கரையும் மெல்லத் தாழ்ந்தது. தாலமிகளின் அரண்மனைப் பகுதியில் பெரும்பங்கு கிழக்குத் துறைமுகத்தின் தண்ணீருக்குள் போய்விட்டது. ஏழாம் நூற்றாண்டில் அரபுகள் எகிப்தைப் பிடித்ததும் தலைநகரம் இன்றைய கெய்ரோ இருக்கும் பக்கம் மாறியது. ஊர் சுருங்கிக்கொண்டே வந்து, 1798இல் நெப்போலியன் படையோடு இறங்கியபோது இங்கே சில ஆயிரம் பேர்தான் குடியிருந்தார்கள். அப்புறம் முகமது அலி ஆட்சியில், 1820இல், மஹ்மூதிய்யா கால்வாய் நைல் தண்ணீரைக் கொண்டுவந்தது. பருத்தி வணிகம் பெருகியது. கிரேக்கர், இத்தாலியர், யூதர், சிரியர், ஆர்மீனியர் எல்லாரும் வந்து குடியேறினார்கள். அந்தப் புது நகரம் பழைய நகரத்தின் தலைமேலேயே கட்டப்பட்டது.

ஆகவே பழைய அலெக்சாண்டிரியா அழிந்துபோய்விட்டது என்பதைவிடக் கீழே போய்விட்டது என்பதுதான் சரி. அதைப் பார்க்க அடுக்குமாடிகளுக்கு நடுவே வெட்டிய பள்ளத்திலோ, சுரங்கத்திலோ, கடலோரத்திலோ குனிந்துதான் பார்க்க வேண்டும். என் பதில் முழுக்க இதை வைத்துத்தான்.

முதலில் எப்போது போவது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரும் நவம்பர் தொடக்கமும் மிக நல்ல காலம். கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும். ஏப்ரலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாலைவனத்திலிருந்து கம்சீன் காற்று அடிக்கும் நாளில் வானமே மஞ்சளாகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் கெய்ரோக்காரர்கள் வெயிலுக்குத் தப்பி மொத்தமாக இங்கே வந்துவிடுவார்கள். அறை வாடகை ஏறும், கடற்கரையில் உட்கார இடம் கிடைக்காது. குளிர்காலத்தில் புயல்மழை வரும். இந்த ஊர் மீனவர்கள் ஒவ்வொரு புயலுக்கும் ஒரு பெயரும் ஏறக்குறைய ஒரு தேதியும் வைத்திருக்கிறார்கள். நவம்பர் நடுவில் வருவது மக்னஸா, டிசம்பர் தொடக்கத்தில் வருவது காசிம். அந்த நாட்களில் அலை கடற்கரைச் சாலையைத் தாண்டி அடிக்கும். படம் எடுக்கப் பிரமாதமாக இருக்கும். அம்மாவோடு போவதற்கு ஏற்றதல்ல.

கெய்ரோவிலிருந்து ரயிலில் வாருங்கள். ராம்சஸ் நிலையத்தில் ஏறினால் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். 1850களில் போட்ட இந்தப் பாதைதான் ஆப்பிரிக்காவின் முதல் ரயில் பாதை. ஜன்னலுக்கு வெளியே நைல் கழிமுகத்தின் வயல்கள் கடைசிவரை கூட வரும். சாலை வழியாக வந்தால் பெரும்பாலும் வறண்ட நிலம்தான். ரயில் முதலில் சீதி காபிர் நிலையத்தில் நிற்கும், பாதி வண்டி இறங்கிவிடும். நீங்கள் இறங்காதீர்கள். கடைசி நிலையமான மஹத்தத் மஸ்ர்தான் பழைய நகரத்துக்குப் பக்கம். அறையை மன்ஷிய்யா அல்லது ரமல் நிலையம் பக்கம் எடுத்தால் பாதி இடங்களுக்கு நடந்தே போய்விடலாம். ஊரின் கிழக்குக் கோடியில் மொன்தஸா பக்கம் பளபளப்பான விடுதிகள் உண்டு, ஆனால் அங்கே தங்கினால் தினமும் சாலை நெரிசலிலேயே நேரம் போய்விடும்.

முதல் நாள் காலையைக் கர்மூஸ் பகுதிக்குக் கொடுங்கள். எளிய மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி அது. தெருவில் காய்கறி வண்டிகளுக்கு நடுவே திடீரென ஒரு சிவப்புக் கருங்கல் தூண் வானத்தை நோக்கி நிற்கும். பீடத்தோடு சேர்த்து ஏறக்குறைய 27 மீட்டர் உயரம். தூணின் நடுப்பகுதி மட்டும் 20 மீட்டருக்கு மேல், அதுவும் ஒரே கல். அஸ்வானில் வெட்டி நைல் வழியாகக் கொண்டுவந்தது. பாம்பே என்ற ரோமத் தளபதியின் பெயரால் பாம்பேயின் தூண் என்று எல்லாரும் சொல்வார்கள்; பலகையிலும் அப்படித்தான் இருக்கும். பாம்பேக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் இந்த ஊரில் எழுந்த கிளர்ச்சியை முற்றுகையிட்டு அடக்கியபின், கி.பி. 300ஐ ஒட்டி அவர் பெயரில் நிறுத்தியது.

தூணைவிட அது நிற்கும் மேடுதான் முக்கியம். செராபிஸ் என்ற தெய்வத்தின் பெருங்கோயில் இங்கே இருந்தது. கிரேக்கக் குடிகளும் எகிப்தியக் குடிகளும் ஒரே சன்னதியில் கும்பிட வேண்டும் என்று தாலமிகள் வளர்த்தெடுத்த தெய்வம் அது. தாலமிகள் இந்த ஊரில் அமைத்த பெரிய நூலகத்தின் கிளை நூலகமும் இந்தக் கோயிலோடுதான் இருந்தது. கி.பி. 391இல் கிறிஸ்தவக் கூட்டம் கோயிலைத் தரைமட்டமாக்கியது. இன்று மேடும் உடைந்த கற்களும் கீழே சில சுரங்க வழிகளும் மிச்சம். சுரங்கத்துக்குள் இறங்கிப் பாருங்கள், சுவரில் வரிசையாக மாடங்கள் வெட்டியிருப்பார்கள். இங்கே கிடைத்த, எகிப்தியர் தெய்வமாகக் கும்பிட்ட ஏப்பிஸ் காளையின் கருங்கல் சிலை இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கப் போகிறீர்கள், அதனால் இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் கோம் அல் ஷுகாஃபா. இந்த ஊரில் ஒரே ஒரு இடம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். 1900இல் ஒரு கழுதை தரை உள்வாங்கிக் குழிக்குள் விழுந்தது. அப்படித்தான் இந்த நிலத்தடிக் கல்லறை வெளியே தெரிந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செய்தது. நடுவில் ஆழமான வட்டக் குழி, அதைச் சுற்றி 99 படிகள் சுழன்று இறங்கும். சடலத்தைக் குழி வழியாகக் கயிற்றில் இறக்குவார்கள், உறவினர்கள் படி வழியாக வருவார்கள். கீழே ஒரு சாப்பாட்டு அறை இருக்கிறது. மூன்று பக்கமும் பாறையிலேயே வெட்டிய திண்ணைகள். இறந்தவர் நினைவு நாளில் குடும்பம் இங்கே வந்து சேர்ந்து உண்டது. கொண்டுவந்த மண்பாண்டங்களை வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போகாமல் உடைத்துப் போட்டதால்தான் மேலே மேடு மேடாக ஓடு கிடந்தது என்கிறார்கள்.

மையக் கல்லறை வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரு ஆண் சிலை, ஒரு பெண் சிலை. கழுத்துக்குக் கீழே பார்த்தால் எகிப்தியச் சிலை: விறைத்த உடம்பு, முன்னால் எடுத்து வைத்த இடது கால். முகத்தையும் தலைமுடியையும் பார்த்தால் அசல் ரோமர்கள், யாரோ நிஜ மனிதர்களின் சாயல். கதவின் இரு புறமும் தாடி வைத்த பாம்புகள். தலையில் எகிப்தின் இரட்டைக் கிரீடம், கூடவே கிரேக்கக் கடவுளரின் கோல்கள், மேலே கிரேக்கப் புராணத்து மெதூசாவின் முகம் பொறித்த கேடயம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் நரித்தலை கொண்ட எகிப்தியத் தெய்வம் அனூபிஸ் ரோமச் சிப்பாயின் கவசம் போட்டுக்கொண்டு காவல் நிற்கிறார். மூன்று நாகரிகம் ஒரே வீட்டுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்தியது என்பதை உங்கள் மகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. சாகும்போது எந்தச் சாமியையும் விட்டுவிட அந்தக் குடும்பத்துக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

அம்மாவுக்கு: படிகள் அகலமானவை, செங்குத்தல்ல, ஆனால் இறங்கியதை ஏறியாக வேண்டும். கீழே காற்று ஈரமாக இருக்கும். ஒரு காலத்தில் நிலத்தடி நீர் ஏறிப் பெரிய தொல்லையாக இருந்தது; 2019இல் முடிந்த திட்டத்தில் நீர்மட்டத்தை இறக்கினார்கள். முழங்கால் வலி இருந்தால் மேலே முற்றத்தில் நிழலில் உட்காரச் சொல்லுங்கள். வெளியே வைத்திருக்கும் கல் சவப்பெட்டிகளும் பார்க்கத்தக்கவைதான்.

மதியம் கோம் அல் திக்கா. ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் நடக்கும் தூரம். 1960இல் போலந்து ஆய்வாளர்கள் இங்கே தோண்டத் தொடங்கினார்கள். வெண்சலவைக்கல் இருக்கைகள் அரைவட்டமாக அடுக்கிய சிறு அரங்கம் ஒன்று வெளிப்பட்டது. எல்லாரும் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். அரங்கத்தை ஒட்டி வரிசையாகச் சிறு அறைகள் இருக்கும், ஏறக்குறைய இருபது. ஒவ்வொன்றிலும் சுவரோரமாகக் குதிரை லாட வடிவில் கல் இருக்கைகள், அவற்றின் நடுவே உயரமாக ஒரு ஆசனம். அது ஆசிரியருக்கு. ஐந்து முதல் ஏழாம் நூற்றாண்டு வரை இயங்கிய விரிவுரைக் கூடங்கள் இவை. பழங்கால உலகத்தில் உயர்கல்வி நடந்த வகுப்பறைகள் இத்தனை ஒன்றாக, இப்படி அடையாளம் தெரியும்படி வேறெங்கும் கிடைக்கவில்லை. கணிதமும் தத்துவமும் கற்பித்த ஹைப்பேஷியா என்ற பெண் அறிஞரைக் கி.பி. 415இல் கும்பல் கொன்றதோடு இந்த ஊரில் படிப்பே முடிந்துபோனதாகப் பலர் நினைக்கிறார்கள். இந்த அறைகளைப் பார்த்தால் அப்படி இல்லை என்று புரியும். அதற்குப் பின் இருநூறு ஆண்டு இங்கே மாணவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறார்கள். உங்கள் மகளை அந்தக் கல் இருக்கையில் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள்.

அதே வளாகத்தில் பறவைகள் இல்லம் என்று ஒரு ரோம வீட்டின் தரை இருக்கிறது. மயில், புறா, காடை எனச் சிறு கற்களைப் பதித்துச் செய்த ஓவியங்கள். அதற்குத் தனிச் சீட்டு. வாங்குங்கள்.

கிரேக்க ரோம அருங்காட்சியகம் பக்கத்திலேயே. 1892இல் தொடங்கியது, 2005இல் பழுதுபார்க்க மூடி, 2023 அக்டோபரில்தான் திரும்பத் திறந்தார்கள். இத்தனை வருடம் இந்த ஊருக்கு வந்தவர்களுக்கு இது இல்லாமல் போனது, உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. காலையில் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஏப்பிஸ் காளை இங்கே நிற்கிறது. நேரம் குறைவென்றால் தேசிய அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்.

மாலையில் ஃபுவாத் தெருவில் நடங்கள். கிரேக்கர் காலத்தில் நகரத்தின் நெடுக்கே ஓடிய கானோப்பிக் பெருவீதி ஏறக்குறைய இதே தடத்தில்தான் போனது. இருபுறமும் இத்தாலியப் பாணிக் கட்டடங்கள், உடைந்த பால்கனிகள், துணி காயும் கொடிகள். குறுக்கே வரும் நபி தானியல் தெருவில் நடைபாதை முழுக்கப் பழைய புத்தகக் கடைகள். பெரும்பாலும் அரபு நூல்கள்தான், கிளறினால் பிரெஞ்சு, ஆங்கிலம், கிரேக்கமும் கிடைக்கும். ரமல் நிலையம் பக்கம் வந்தால் பழைய காபிக் கடைகளின் வறுத்த வாசனை தெருவிலேயே வரும். பிரேசிலியன் காபி ஸ்டோர்ஸ் 1929இலிருந்து இருக்கிறது. அந்த நிலையத்துக்குப் பக்கத்தில்தான் ஒரு காலத்தில் கிளியோபாத்ராவின் ஊசிகள் என்ற இரட்டைத் தூபிகள் நின்றன. ஒன்று 1870களில் லண்டனுக்குப் போனது, மற்றது 1880களின் தொடக்கத்தில் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அவை இருந்த இடத்தில் இன்று ஒரு குறிப்புக்கூடக் கண்ணில் படாதது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது.

இரண்டாம் நாள் காலை கடலோரம். கைத்பே கோட்டையில் தொடங்குங்கள். உலக அதிசயங்களில் ஒன்றாக எண்ணப்பட்ட ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் நின்ற இடம் இதுதான். கி.மு. 280ஐ ஒட்டிக் கட்டி முடித்தது. சதுரம், அதன்மேல் எண்கோணம், அதன்மேல் வட்டம் என்று மூன்று அடுக்கு, நூறு மீட்டருக்குக் குறையாத உயரம். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் நின்றது. 1303 நிலநடுக்கத்தில் பெருஞ்சேதம். மொராக்கோப் பயணி இப்னு பதூதா 1326இல் வந்தபோது ஒரு பக்கம் இடிந்திருந்தாலும் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. 1349இல் திரும்ப வந்தபோது வாசலுக்கே ஏற முடியாத அளவு சிதைந்திருந்தது. 1477இல் மம்லூக் சுல்தான் கைத்பே அந்த இடிபாட்டின் மேலேயே இந்தக் கோட்டையைக் கட்டினார். கோட்டைச் சுவரில் பதிந்திருக்கும் சிவப்புக் கருங்கல் தூண் துண்டுகளைத் தேடிப் பாருங்கள். கலங்கரை விளக்கத்தின் கல் என்று கருதப்படுபவை அவை.

மீதிக் கல் எல்லாம் கோட்டைக்கு முன்னால் கடலடியில் கிடக்கிறது. 1994இலிருந்து பிரெஞ்சு ஆய்வாளர்கள் முக்குளித்து ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கணக்கெடுத்தார்கள். 2025இல் பெரிய வாசலின் நிலைக்கற்கள் உட்பட 22 பாறைகளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள், ஒவ்வொன்றும் எழுபது எண்பது டன் வரை. முப்பரிமாணத்தில் அளந்து கணினியில் கலங்கரை விளக்கத்தைத் திரும்ப அடுக்கிப் பார்ப்பதற்காக. முக்குளிக்கும் பயணங்களும் உண்டு என்றாலும் துறைமுகத் தண்ணீர் பல நாள் கலங்கலாகத்தான் இருக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோட்டையிலிருந்து ஊருக்குள் நடந்து வரும்போது காலடியில் இருப்பதும் ஒரு காலத்தில் கடல்தான். ஃபாரோஸ் தனித்தீவாக இருந்தது. கரையோடு இணைக்க ஒரு நீண்ட பாலத்தடம் போட்டார்கள். அதன் இரு பக்கமும் நூற்றாண்டுக் கணக்கில் மணல் சேர்ந்து அகன்ற நிலமாகி, இன்று அதன்மேல் முழு ஊர்ப்பகுதியே இருக்கிறது. வழியில் அபுல் அப்பாஸ் அல் முர்சி பள்ளிவாசல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் முர்சியாவிலிருந்து வந்த சூஃபி மகானின் அடக்கத்தலம். இப்போதுள்ள கட்டடத்தை மாரியோ ரோஸி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். அம்மாவும் மகளும் தலையை மூடத் துப்பட்டா வைத்திருந்தால் போதும். இன்னும் தள்ளி மன்ஷிய்யா சதுக்கம். எகிப்து அதிபர் நாசர் 1956 ஜூலை 26 அன்று சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதை இங்கே மேடையில் நின்றுதான் அறிவித்தார். சரியாக நான்கு ஆண்டுக்கு முன், அதே தேதியில், மன்னர் ஃபாரூக் இதே ஊரின் ராஸ் அத்தீன் அரண்மனையிலிருந்து கப்பலேறி நாட்டை விட்டுப் போயிருந்தார்.

பிற்பகல் நூலகத்துக்கு. 2002இல் திறந்த புது பிப்ளியோதெக்கா அலெக்சாண்டிரினா. 160 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கூரை கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும். வெளிச்சுவர் அஸ்வான் கருங்கல், அதில் உலகத்தின் 120 எழுத்து முறைகளிலிருந்து எழுத்துகள். உள்ளே படிப்பறை பல தளங்களாகச் சரிந்து இறங்கும், 2,000 பேர் உட்காரலாம். வாசலில் நிற்கும் தாலமி மன்னரின் பெருஞ்சிலை ஃபாரோஸ் கடலடியில் எடுத்தது. கீழ்த்தளத்தில் தொல்பொருள் காட்சியகம் இருக்கிறது. அதில் ஒரு நாயைக் கட்டாயம் பாருங்கள். இந்த நூலகத்துக்குத் தோண்டும்போது கிடைத்த, கி.மு. இரண்டாம் நூற்றாண்டுத் தரை ஓவியம். கழுத்துப் பட்டையோடு ஒரு நாய், பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் உலோகக் கூஜா. தான்தான் தட்டிவிட்டேன் என்று தெரிந்த முகத்தோடு நிமிர்ந்து பார்க்கிறது. கல் ஒவ்வொன்றும் அவ்வளவு சிறிசு, கிட்டத்தில் போனால்தான் அது வண்ணம் தீட்டியதல்ல என்று தெரியும்.

பழைய நூலகம் எரிந்த கதையை வழிகாட்டிகள் ஒரே இரவில் நடந்ததுபோலச் சொல்வார்கள். அப்படி நம்பிக்கொண்டு வராதீர்கள். கி.மு. 48இல் ஜூலியஸ் சீசர் துறைமுகக் கப்பல்களுக்கு வைத்த தீயில் நூல்கள் எரிந்தது உண்டு. ஆனால் அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முன்பே, கி.மு. 145இல், எட்டாம் தாலமி அறிஞர்களை ஊரைவிட்டுத் துரத்தியிருந்தார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் தேடி நூல்களைப் பிடுங்கி, மூலத்தை வைத்துக்கொண்டு நகலைத் திருப்பித் தந்த அரசாங்கம் அது. அந்த ஆர்வம் போன பிறகு சுருளைப் புதுப்பித்து எழுதவும் ஆளில்லை. அரபுத் தளபதி நூல்களைக் குளியலறை அடுப்புக்கு அனுப்பினார் என்ற கதை சம்பவம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்குப் பல நூற்றாண்டு பின்னால்தான் எழுத்தில் வருகிறது. என்னைக் கேட்டால், நூலகத்தைக் கொன்றது கவனிப்பின்மைதான். தீ அதில் ஒரு பங்கு.

தமிழர்களான நமக்கு இந்த ஊரில் தனி அக்கறை இருக்க வேண்டும். சங்கப் பாடல்களில் யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்களே, அந்த மிளகு கடைசியில் வந்து இறங்கிய பெரிய சந்தை அலெக்சாண்டிரியா. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சேர நாட்டு முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிவந்த ஹெர்மாப்பொல்லோன் என்ற கப்பலின் கணக்கும், பயணத்துக்கு வாங்கிய கடனின் ஒப்பந்தமும் அதில் எழுதியிருக்கின்றன. செங்கடல் துறைமுகத்தில் இறக்கி, பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து, நைல் கரையில் காப்டோஸ் ஊரில் படகேற்றி, அலெக்சாண்டிரியாவின் சுங்கக் கிடங்குக்குக் கொண்டுவந்து நாலில் ஒரு பங்கு வரி கட்ட வேண்டும். பெரனிகே என்ற செங்கடல் துறைமுகத்தில் இந்தியப் பானை ஒன்றில் 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அங்கேயும் குஸைர் அல் கதீம் என்ற இன்னொரு செங்கடல் துறைமுகத்திலும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. டியோ கிரிசோஸ்தம் என்ற பேச்சாளர் இந்த ஊர் அரங்கத்தில் பேசும்போது, கூட்டத்தில் சில இந்தியர்களும் உட்கார்ந்திருப்பதைச் சொல்கிறார். இந்தச் சரக்கெல்லாம் கடல் பக்கமாக வரவில்லை. நைல் கால்வாய் வழியே தெற்கே மரியூத் ஏரித் துறைக்கு வந்தது. கடல் துறைமுகத்தைவிட ஏரித் துறை செழிப்பானது என்று பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். இன்று அந்த ஏரி சுருங்கி, அழுக்கேறி, நாணல் மண்டிக் கிடக்கிறது. பார்க்கப் போக வேண்டியதில்லை. ரயில் ஊருக்குள் நுழையுமுன் ஜன்னலில் தண்ணீர் தெரிந்தால் மகளுக்குக் காட்டுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பயம் வேண்டாம். காலையில் ஃபூல், அதாவது இரவு முழுக்க வேகவைத்த அவரைவிதை. இந்த ஊர்ப் பக்குவத்தில் எள் விழுது, எலுமிச்சை, பூண்டு சேர்த்துத் தருவார்கள். கூட தஅமிய்யா, அதே விதையைப் பச்சிலையோடு அரைத்துப் பொரிப்பது, நம்ம மசால் வடைக்குச் சொந்தம் போல இருக்கும். மதியம் குஷரி: அரிசி, மசூர்ப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே மொறுமொறு வெங்காயமும் தக்காளிச் சாறும். கவனமாக இருக்க வேண்டியது முலூகிய்யா கீரையில். பார்க்கச் சைவமாகத் தெரியும், கறிச்சாற்றில்தான் வேகவைப்பார்கள். நல்ல வழி ஒன்று சொல்கிறேன். கடையில் சியாமி உணவு என்று கேளுங்கள். காப்டிக் கிறிஸ்தவர்கள் வருடத்தில் பாதிக்கு மேல் விரதம் இருப்பவர்கள், அதற்கான கறியும் பாலும் முட்டையும் இல்லாத சமையலுக்கு அந்தப் பெயர். சில விரதங்களில் மீன் உண்டு, அதனால் சமக் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் சுட்ட சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். கோடையில் என்றால் கண்ணாடிப் பெட்டியைத் தோளில் சுமந்து ஃப்ரெஸ்கா விற்பார்கள். தேன்பாகும் கடலையும் வைத்த மெல்லிய வட்டங்கள், பல்லில் பட்டதும் நொறுங்கும்.

போக்குவரத்துக்குக் கறுப்பு மஞ்சள் டாக்சி. ஏறுமுன் விலை பேசிவிடுங்கள், அல்லது உபர் பயன்படுத்துங்கள். மஷ்ரூ என்று அழைக்கும் வேன்கள் மலிவு, ஆனால் அம்மாவுக்கு ஏறி இறங்கச் சிரமம். ரமல் டிராம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஓடுவது. அதைப் புதுப்பித்துக் கட்டும் திட்டம் நடப்பதால், போகும் நேரத்தில் ஓடுகிறதா என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரைச் சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்காதீர்கள், சுரங்கப்பாதை இருக்கும் இடம் வரை நடங்கள். அரபு எண்கள் பத்தையும் ரயிலிலேயே படித்து வைத்தால் விலைப் பலகையும் பேருந்து எண்ணும் புரியும். அரசின் தொல்லியல் இடங்கள் பலவற்றில் சீட்டுக்குக் கார்டு மட்டுமே வாங்குகிறார்கள். மகளிடம் சர்வதேச மாணவர் அட்டை இருந்தால் அவளுக்குப் பாதி விலை. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடியும்வரை கடைகள் பல மூடியிருக்கும், நூலகம் அன்று திறந்திருக்குமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாளைக் கோட்டைக்கும் நடைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ரமலானில் எல்லா இடமும் சீக்கிரமே மூடிவிடும்.

மொன்தஸா தோட்டம் அழகுதான், ஆனால் இரண்டு நாளில் அதற்கு அரை நாள் கொடுப்பது கட்டாது. மூன்றாவது நாள் கிடைத்தால் மேற்கே நூறு கிலோமீட்டர் தாண்டி அல் அலமெய்ன் போங்கள். இரண்டாம் உலகப் போரில், 1942இல், ஜெர்மன் தளபதி ரோம்மெலின் படையைத் தடுத்து நிறுத்திய போர்க்களம். அங்குள்ள போர் மயானத்தில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகள் உண்டு. தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்குத் தனி நினைவிடத்தில் அறுநூறு பேருக்கு மேல் பெயர் பொறித்திருக்கிறது. சுற்றுலா வண்டிகள் அந்தப் பக்கம் நிற்பதில்லை, நீங்கள்தான் கேட்டு நிறுத்த வேண்டும். டாக்சி பேசும்போது காத்திருக்கும் நேரத்தையும் திரும்பும் பயணத்தையும் சேர்த்தே விலை பேசுங்கள். அங்கிருந்து வேறு வண்டி பிடிப்பது எளிதல்ல.